முன்பணம் கட்டும் முன் பதிவெண்ணைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் ஜனவரியில், டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளிலிருந்து என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் பலர் தனியார் கல்லூரி ஒன்றின் கையேட்டோடுதான் வருகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை, இங்கே உடனே சேர்த்துக்கொள்கிறார்கள் என்பார்கள். சேர்த்துக்கொள்வதில் தவறில்லை, எந்தப் படிப்பில் என்பதுதான் கேள்வி.

குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அரசுப் பல்கலைக்கழகங்கள் நான்கு உள்ளன. டர்பன்-வெஸ்ட்வில், நட்டால் பல்கலைக்கழகங்கள் 2004-இல் இணைந்து உருவான குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் (நிறவெறி ஆட்சியில் இந்திய வம்சாவளியினருக்கு வெஸ்ட்வில்லைத் தவிர வேறு வாசல் எளிதில் திறக்காத காலத்தில் படித்தவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் இருக்கிறார்கள்), எம். எல். சுல்தான் டெக்னிக்கான் என்ற தொழில்நுட்பக் கல்லூரியின் வழிவந்த டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், உம்லாசியிலுள்ள மங்கோசுத்து, சுலுலாந்து ஆகியவை அவை. இவற்றின் இளநிலைப் படிப்புகளுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வந்தபின் அலைவது பெரும்பாலும் வீண்.

தனியார் நிறுவனம் எதுவானாலும், 1997-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி உயர்கல்வித் துறையில் பதிவுபெற்றிருக்க வேண்டும். அது நடத்தும் ஒவ்வொரு படிப்புக்கும் உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் தனியே வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். உயர்கல்விப் பதிவெண்ணில் ஆண்டுக்கு அடுத்து 'எச்இ' (HE) என்ற எழுத்துகள் வரும். அவை இல்லாமல் ஆண்டும் ஒரு நீண்ட எண்ணும் இறுதியில் 07-உம் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் வணிக நிறுவனமாகப் பதிந்த எண். பட்டம் வழங்கும் உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதிவுச் சான்றிதழின் இணைப்பில் உங்கள் பிள்ளை சேரவிருக்கும் படிப்பின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் ஒரு ராண்ட்கூடக் கட்டாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கான என்எஸ்ஃபாஸ் (NSFAS) என்னும் அரசு மாணவர் நிதித் திட்டத்தின் உதவித்தொகை அரசு நிறுவனங்களில் படிப்போருக்கு மட்டுமே உரியது. தனியாரிடம் சேர்ந்தபின் அதைக் கேட்டுப் பயனில்லை. தெக்வினி, கோஸ்டல் போன்ற அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கோ அது உண்டு. அவற்றை இரண்டாந்தரமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே தேவைக்கு மேல் இருக்கிறது. பல்கலைக்கழக இடம் தவறிய மாணவருக்கு, பதிவே தெரியாத பட்டப்படிப்பைவிட அங்கே ஒரு மின்பணிப் பயிற்சியையே நான் முதலில் பரிந்துரைக்கிறேன்.