நெட் இழுக்கவில்லை, லைனே இல்லை: எந்தக் குறைக்கு எந்தக் கதவு?

யாழ்ப்பாணத்தில் இன்டர்நெட் பற்றிக் கதை எடுத்தால் இரண்டு விதமான குறை வரும். "லைன் இருக்கு, ஆனா இழுக்குதில்லை" என்பது ஒன்று. "எங்கட பக்கம் லைனே இல்லை" என்பது மற்றது. இரண்டுக்கும் சட்டத்தில் வழி வேறு.

முதலாவதற்கு 1991 இன் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 9 ஆம் பிரிவு இருக்கிறது. சந்தாதாரர் மட்டுமல்ல, பொதுமக்களில் எவரும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆணைக்குழு விசாரித்து, குறையைத் திருத்தும்படி நிறுவனத்தைப் பணிக்கலாம். பொருத்தமானால் பணமாகவும் பரிகாரம் கொடுக்கச் சொல்லலாம். இந்தக் கடைசி விசயம் பலருக்குத் தெரியாது. அழைக்க வேண்டிய இலக்கம் 1900.

ஆனால் வெறுங்கையோடு போனால் வேலை நடக்காது. எங்கள் வீட்டு ரவுட்டர் பகலில் ஓடும், இரவு 8 மணி ஆனதும் படுத்துவிடும். நிறுவனத்துக்குப் போன் எடுத்து "சரியான ஸ்லோ" என்று சொன்னபோதெல்லாம் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்ற பதில்தான். பிறகு ஒரு கிழமை, காலையும் இரவும் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்து வேகத்தை அளந்து கொப்பியில் எழுதி, ஸ்கிரீன்சொட்டும் எடுத்து வைத்தேன். அதோடு முறைப்பாட்டு இலக்கம் ஒன்றையும் கேட்டு வாங்கினேன். அப்போதுதான் பேச்சு மாறியது. தூர அறையிலிருந்து அளக்காதீர்கள், பழியை உங்கள் வீட்டுச் சுவரில் போட்டுவிடுவார்கள். பக்கேஜ் டேட்டா முடிந்து வேகம் குறைந்ததா என்றும் முதலில் பாருங்கள். விளம்பரத்தில் "இத்தனை எம்பிபிஎஸ் வரை" என்று இருந்தால், அந்த "வரை"க்குள் நிறுவனம் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது குறை கடினமானது. உங்கள் படலைக்கு பைபர் இழுத்துத் தா என்று 9 ஆம் பிரிவைக் காட்டி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவது லேசில்லை. தூண் நட்டு, கேபிள் இழுத்து, வளவுக்கு வளவு தள்ளி இருக்கும் நாலு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தால் செலவு திரும்ப வராது என்பது அவர்கள் கணக்கு. முதல் நிறுவனமே யோசிக்கும் ஒழுங்கைக்கு இரண்டாவது நிறுவனம் வருமா? மொபைலிலும் தெரிவு சுருங்கிவிட்டது. 2024 இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்த பிறகு டயலொக், எஸ்எல்டி மொபிட்டல், ஹட்ச் என்று மூன்றுதான் மிச்சம். குறிகாட்டுவானில் படகேறிப் போகவேண்டிய நெடுந்தீவு போன்ற இடத்துக்கு, 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இன்டர்நெட் பொருந்தும்தான். ஆனால் டிஷ் விலையைக் கேட்டால் கடற்றொழில் செய்யும் குடும்பம் சிரிக்கும்.

சரி, இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது, கொஞ்சம் சுற்று வழி. அரச நிறுவனங்களிடம் தகவல் கேட்டு வாங்க இடம் தரும் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனியும் இதற்குள் வரும். ஸ்ரீலங்கா டெலிகொமில் (எஸ்எல்டி) கிட்டத்தட்டப் பாதி அரசின் பங்கு. மேலே சொன்ன தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவிடமும் கேட்கலாம். எங்கள் கிராம சேவகர் பிரிவுக்கு பைபர் திட்டம் உண்டா, எந்த ஆண்டு, கோபுரத்துக்கு யாராவது அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. வாடிக்கையாளர் எண்ணிக்கை, வருமானம் என்று போனால் வணிக இரகசியம் என்று மறுக்க இடம் கிடைக்கும், ஆகவே திட்டத்தை மட்டும் கேளுங்கள்.

கொடுப்பதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கேயும் கைவிரித்தால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கையில் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதாக எழுத்தில் ஒரு துண்டு வாங்காமல் படியிறங்காதீர்கள்.