மஞ்சள் பூவெல்லாம் அரளி இல்லை, இலையைப் பாருங்கள்

புதுச்சேரியில் வீட்டுத் தோட்டங்களை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். "அண்ணா, மஞ்சள் அரளி ஒண்ணு வச்சுக் குடுங்க, பூஜைக்கு ஆகும்" என்று கேட்பார்கள். படம் காட்டச் சொன்னால் ஒருவர் பொன்னரளியைக் காட்டுவார், இன்னொருவர் டெக்கோமாவை, வேறொருவர் அலமண்டாவை. மூன்றிலும் மஞ்சள் குழல் பூதான். ஆனால் பொன்னரளி உயிரையே எடுக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொன்னரளியின் இலை நீளமாக, விரல் அகலம்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கும். ஒரு கணுவுக்கு ஒன்றாகக் கிளையைச் சுற்றிச் சுற்றி ஏறும். கிள்ளினால் வெள்ளைப் பால் சொட்டும். பூ முழுசாக விரியாது, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். காயைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்: பச்சை நிறம், சதைப்பற்று, நடுவில் ஒரு வரம்பு, கிட்டத்தட்ட முக்கோண வடிவம். முற்றினால் கறுக்கும். உதிர்ந்து கிடக்கும் இந்தக் காயைத்தான் பிள்ளைகள் சொப்பு விளையாட்டுக்குப் பொறுக்குகிறார்கள். காய், கொட்டை, இலை, பால் எல்லாமே விஷம். அது இதயத் துடிப்பைத் தாக்கும். குழந்தை வாயில் வைத்தது தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு பார்க்கவும் கூடாது. செடியில் ஒரு கிளையை உடைத்துக் கூடவே எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

அலமண்டாவுக்கு இலை அகலம், ஒரு கணுவில் மூன்று நான்கு சேர்ந்து வட்டமாக நிற்கும். பூவும் பெரிசு. கொடி மாதிரி கேட்டின் மேல் சாய்ந்து படரும். இதிலும் பால் உண்டு, வாயில் போட்டால் வாந்தி பேதி ஆகும்.

டெக்கோமாவை எளிதில் பிரித்துவிடலாம். வேப்பிலை போல ஒரே காம்பில் பல சிற்றிலைகள், ஓரமெல்லாம் பல் பல்லாக. பால் வராது. காய் ஒல்லியாக, ஒரு சாண் நீளத்தில் தொங்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் வைப்பது இதைத்தான். ஒரே தொல்லை, காய் வெடித்தால் இறக்கை வைத்த விதைகள் பறந்து பக்கத்துக் காலி மனையெல்லாம் முளைக்கும். அதனால் காய் காய்வதற்குள் வெட்டிவிடுங்கள்.

சரி, பொன்னரளி ஏற்கெனவே இருக்கிறது, சாமிக்குப் பறிக்கிற செடி, பிடுங்க மனசில்லை என்றால்? காய் பிடிக்கப் பிடிக்க அறுத்துவிடுங்கள். கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், பால் கண்ணில் படக் கூடாது. வெட்டிய கிளையைத் தெருவோரம் எறியாதீர்கள். பச்சையாக இருந்தால் கசப்புக்குப் பயந்து மாடு ஒதுக்கும். காய்ந்து புல்லோடு கலந்துவிட்டால் தின்றுவிடும், காய்ந்த இலையிலும் விஷம் அப்படியே இருக்கும். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகையும் கெடுதல். ஆடு மாடு வராத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். நெடுஞ்சாலை நடுவில் பூக்கும் சிவப்பு, வெள்ளை அரளிக்கும் இதே கவனம் வேண்டும்.