அனலஜி: ஒப்புமையா, உறவொப்புமையா?

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் இப்படி ஒரு கேள்வி வந்தது. மீன் : வலை :: எலி : ? கொடுத்திருந்த விடைகள் பூனை, வளை, பொறி. பாதிப் பேர் பூனை என்றார்கள். ஒரு தம்பி, "வலைக்கு வளைதானே அக்கா ஒத்து வருது?" என்றான். அவன்மேல் குற்றமே இல்லை. தாளின் தலைப்பில் 'ஒப்புமை' என்று போட்டிருந்தது. அவனும் ஒத்திருப்பதைத்தான் தேடினான்.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு அனலஜி என்று பெயர். மூலம் 'அனலோகியா' என்ற கிரேக்கச் சொல். அதில் உள்ள 'லோகோஸ்' என்பதற்குப் பல பொருள் உண்டு. இங்கே அது விகிதம். ஆக, இது முதலில் கணக்குக்காரர்களின் சொல். 2 : 4 :: 5 : 10 என்று எழுதி, விகிதசமம் என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான். 2-ம் 5-ம் ஒன்றுபோல இருக்கின்றன என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 2-க்கும் 4-க்கும் என்ன உறவோ, அதே உறவு 5-க்கும் 10-க்கும் இருக்கிறது, அவ்வளவுதான். அரிஸ்டாட்டில் இதைச் சொல்லுக்கும் கொண்டுவந்தார். பகலுக்கு மாலை எப்படியோ, வாழ்வுக்கு முதுமை அப்படி. அதனால் மாலையைப் 'பகலின் முதுமை' என்றும் சொல்லலாம் என்பது அவர் காட்டிய உதாரணம்.

இப்போது 'ஒப்புமை'யைப் பாருங்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் முகச்சாயல் ஒத்துப்போனாலும் அது ஒப்புமைதான். நல்ல சொல், ஆனால் எது எதை ஒத்திருக்கிறது என்று அது சொல்வதில்லை. உயிரியல் பாடப்புத்தகம் இந்த இடத்தில் கவனமாக இருக்கிறது. வௌவாலின் இறக்கையையும் பூச்சியின் இறக்கையையும் 'செயல் ஒத்த உறுப்புகள்' என்கிறது. ஒத்திருப்பது செயல் என்று பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. அதே வழியில், நாலு சொல்லை வைத்து இரண்டு இணைகளை ஒப்பிடும் இந்த அமைப்பை 'உறவொப்புமை' என்று சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. தலைப்பில் அந்தச் சொல் இருந்திருந்தால் அந்தத் தம்பி வளையைத் தேடிப் போயிருக்க மாட்டான்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஏற்கெனவே 'எடுத்துக்காட்டு உவமை' இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மிக அழகான சான்று 396-ஆம் குறள்:

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு.

தொட்டனைத்து என்றால் தோண்டிய அளவு. கற்றனைத்து என்றால் கற்ற அளவு. அந்த 'அனைத்து' என்ற சொல்லில் அளவு உட்கார்ந்திருக்கிறது. கிரேக்கர்கள் விகிதம் என்று பிடித்ததை வள்ளுவர் மணலில் தோண்டிக் காட்டிவிட்டார்! ஏழுகிணறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772-இல் அங்கே கிணறுகள் வெட்டும் வேலை நடந்ததால்தான் அந்த இடத்துக்கே அந்தப் பெயர். கேணிக்குத் தோண்டுதல் எப்படியோ, அறிவுக்குக் கற்றல் அப்படி. கேணியும் அறிவும் எந்த ஜாடையிலும் ஒன்றல்ல.

ஆனால் எடுத்துக்காட்டு உவமையில் 'போல' முதலிய உவம உருபு மறைந்திருக்க வேண்டும். 'எப்படியோ... அப்படி' என்று வெளிப்படையாக இணைத்துச் சொன்னால் அந்தப் பெயர் பொருந்தாது. அதனால் இரண்டும் இருக்கட்டும்: செய்யுளில் வரும் அணிக்குப் பழைய பெயர், பொதுவான அமைப்புக்கு உறவொப்புமை.

சொற்களை வரிசையாக அடுக்கி, அதே வரிசையில் பொருத்திக்கொள்ளும் நிரல்நிறை அணியோடும் சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 'அன்பும் அறனும்... பண்பும் பயனும்' என்ற குறளில் அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று வரிசைப்படி சேர்த்துக்கொள்கிறோம். அங்கே ஒப்பீடு கிடையாது, வரிசை மட்டும்தான்.

சரி, எலிக் கேள்விக்கு வருவோம். உறவை முதலில் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லச் சொன்னேன். 'மீனைப் பிடிக்க மனிதர் வைக்கும் கருவி வலை.' சொன்னதுமே பூனை விழுந்துவிட்டது. அது கருவி இல்லை. வளை எலியின் வீடு. மிஞ்சியது பொறி.

அப்புறம் அவர்களையே ஒன்று சொல்லச் சொன்னேன். ஒரு பெண், "இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் எப்படியோ, அத்தோவுக்கு வாழைத்தண்டு சூப் அப்படி" என்றாள். அத்தோ என்பது பர்மிய நூடுல்ஸ். பர்மா பஜார் பக்கம் அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஜோடி தெரியும். நான் சரி என்று சொல்வதற்குள் வளை என்று சொன்ன அதே தம்பி எழுந்துவிட்டான். "இல்லக்கா, தேங்காய்ப்பாலை ஊத்திப் பிசைஞ்சு சாப்பிடுவோம். சூப்பைத் தனியா குடிப்போம். உறவு வேற. வடைக்கு டீ எப்படியோ, அத்தோவுக்கு சூப் அப்படி."