தெள்ளு குடியிருக்கிற சாக்கு

மாரி மழை விட்ட கையோடு, உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு அண்ணை பிஸ்கட் பெட்டிக்குள் நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஐந்து வாரம் இருக்கும். "ஒரே சொறியுது டொக்டர்" என்றார். பல் முரசைப் பார்த்தேன். தேங்காய்ச் சொட்டுப்போல் வெளுத்திருந்தது. தெள்ளுப்பூச்சி அவ்வளவு இரத்தத்தைக் குடித்திருக்கிறது. கையளவு குட்டிக்கு இது உயிராபத்து.

வாலடியில் மயிரை விலக்கினால் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாய் ஏதோ ஒட்டியிருக்கும். அதை ஈரக் கடதாசியில் தேய்த்துப் பாருங்கள். செங்கபிலமாய்ப் பரவினால் தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். வெறும் மண் அப்படிப் பரவாது.

அன்று பேன் சீப்பால் வாரி, வந்ததையெல்லாம் சவர்க்காரத் தண்ணீரில் போட்டு, இரும்புச்சத்து மருந்து கொடுத்து அனுப்பினேன். பத்தாம் நாள் அதே பெட்டி, அதே சொறி. குட்டி எங்கே படுக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், என் பிழைதான். மீன்வாடிக்குள், பழைய வலையும் சாக்கும் குவிந்த மூலையில், தாயோடு படுக்கிறதாம்.

ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை இடும். அவை மயிரில் ஒட்டாமல் உப்புக்கல்போல் உதிர்ந்து படுக்கையில் விழும். நாயில் நாம் காண்பது மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மிச்சமெல்லாம் முட்டையும் புழுவும் கூடுமாய்ச் சாக்கிலும் நிழல் மணலிலும் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே வரும். நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் துள்ளி ஏறுவது இதனால்தான்.

ஆகவே சாக்கை வீசுங்கள். துணியைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். திருகோணமலை வெயில் காசில்லாத மருந்து, தெள்ளுப் புழு அதைத் தாங்காது. மூலையைக் கூட்டி அள்ளுங்கள், சில வாரம் விடாமல். தாய்க்கும் வீட்டுப் பூனைக்கும் சேர்த்து மருந்து பாருங்கள்.

குட்டி சுறுசுறுப்பாக இருந்தால் இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டலாம். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் தெள்ளெல்லாம் காதுக்கு ஏறிவிடும். அப்புறம் உடனே துவட்டிச் சூடாக வைத்திருங்கள். முரசு வெளுத்துச் சோர்ந்த குட்டியைக் குளிப்பாட்டவே வேண்டாம், நேரே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

மண்ணெண்ணெய் பூசுவது நம் ஊரில் இன்னும் போகவில்லை. தோல் வெந்து வருகிற குட்டிகளைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பினைலும் தோட்டத்துப் பூச்சிமருந்தும் அதே கதைதான். கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பல 8 வாரத்துக்குப் பிறகுதான், அதுவும் எடை பார்த்து. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த, நாய்க்கான சொட்டைப் பூனைக்கு விட்டால் பூனை செத்துப்போகலாம்.

மலத்தில் அரிசிமணிபோல் ஏதும் நெளிந்தால் அதையும் சொல்லுங்கள். தெள்ளைக் கடித்து விழுங்குகிற நாய்க்கு நாடாப்புழு வரும்.

மூன்றாம் முறை அண்ணை தாயையும் கூட்டிவந்தார். பெட்டிக்குள் சாக்குத்துண்டு இல்லை. வெயில் மணக்கிற பழைய சாரம் ஒன்று, அதன் விளிம்பைக் குட்டி கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.