எக்ஸிமா: படையா, சிரங்கா, கரப்பானா?

மருத்துவச் சீட்டில் 'எக்ஸிமா' என்று இருக்கும். வீட்டில் சொல்லும்போது அது 'படை' ஆகிவிடும். இன்னொருவர் 'சிரங்கு' என்பார், வேறொருவர் 'தோல் அலர்ஜி' என்பார். மூன்றுக்கும் மருந்து வேறு என்பதால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோலின் மேல்பகுதியில் அழற்சி உண்டாகி, அரிப்பு, வறட்சி, தடிப்பு, சில சமயம் நீர்க்கசிவு எல்லாம் சேர்ந்து வருவதுதான் எக்ஸிமா. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பெரும்பாலும் அடங்கும், மறுபடி கிளம்பும். அரிப்பே இல்லையென்றால் அது எக்ஸிமாதானா என்று சந்தேகப்படலாம்.

சொல் கிரேக்கம். 'எக்' என்றால் வெளியே, 'ஸெயின்' என்றால் கொதித்தல். கொதித்து வெளியே வருவது என்று பொருள். 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் வாழ்ந்த மருத்துவர் அமிடா ஊர் ஏட்டியஸின் எழுத்தில் இந்தச் சொல் வருகிறது. புதிதாகக் கிளம்பிய எக்ஸிமாவை உற்றுப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் உடனே புரியும். கடுகைவிடச் சிறிய நீர்க்கொப்புளங்கள் நெருக்கமாக எழும்பும், சொறிந்தால் உடையும், நீர் கசியும், காய்ந்து பொருக்குத் தட்டும். (சூடாக்கினால் நுரைத்துப் பொங்கும் ஒரு கனிமத்துக்கு 1756இல் ஸ்வீடன்காரர் குரோன்ஸ்டெட் 'ஜியோலைட்' என்று பெயர் வைத்தார். அதிலும் இதே 'கொதி'தான் இருக்கிறது.)

ஆனால் நாள்பட்ட எக்ஸிமாவில் கொதிப்பு எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் சொறிந்து சொறிந்து தோல் தடித்து, ரேகைகள் ஆழமாகி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பெயர் நோயின் முதல் கட்டத்தை மட்டும் பார்த்து வைத்தது.

இதையே மருத்துவர்கள் 'டெர்மடைட்டிஸ்' என்றும் சொல்கிறார்கள். 'டெர்மா' தோல், 'ஐட்டிஸ்' அழற்சி. இதற்குத் 'தோலழற்சி' என்பது குறையே சொல்ல முடியாத தமிழ். முயல் முயற்சி ஆவதுபோல, பயில் பயிற்சி ஆவதுபோல, அழல் அழற்சி ஆகிறது. அழல் என்றால் நெருப்பு. அழற்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் உள்ளேயும் தீச்சுடர்தான் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு எழுதிய நான்கு அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி.

இந்த 'சிவப்பு'தான் பலரை ஏமாற்றுகிறது. கருத்த, மாநிறத் தோலில் எக்ஸிமா சிவப்பாகத் தெரிய வேண்டியதில்லை. அடர்பழுப்பாக, ஊதா கலந்து, சாம்பல் பூத்ததுபோல் இருக்கலாம். திட்டாக இல்லாமல் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகளாகவும் எழும்பும். சிவப்பைத் தேடினால் நோயே தப்பிவிடும். விரலால் தடவிப் பார்த்து மேடு, சொரசொரப்பு, சூடு தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது. அடங்கிய பிறகு அந்த இடம் கருமையாகவோ வெளிறியோ சில மாதம் நிற்கும். அது தழும்பு இல்லை, மெல்ல மாறும்.

எக்ஸிமாவில் மிகப் பரவலான வகைக்கு 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்று பெயர். 1923இல் கோகா, குக் என்ற இருவர், ஆஸ்துமாபோல் குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒவ்வாமைகளுக்கு 'அடோபி' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்கள். 'இடத்தில் இல்லாதது, விசித்திரமானது' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். காரணம் தெரியாதபோது 'விசித்திரம்' என்று பெயர் வைப்பது மருத்துவத்தின் பழைய வழக்கம்! 1933இல் வைஸ், சுல்ஸ்பெர்கர் ஆகியோர் அதைத் தோலோடு சேர்த்தார்கள். விசித்திரத்தில் ஒரு பகுதி 2006இல் விளங்கியது. மேல்தோலைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் 'ஃபிலாக்ரின்' என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால், தோலின் ஈரம் வெளியே போகும், உறுத்தும் பொருள்கள் உள்ளே புகும். ஆக அழற்சியும் வறட்சியும் ஒன்றாகவே வருகின்றன. 'தோல் அலர்ஜி' என்று மொத்தமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். நிக்கல் கொக்கி பட்ட இடத்திலோ தலைச்சாயம் பட்ட இடத்திலோ வருவது உண்மையிலேயே ஒவ்வாமை. குழந்தையின் கன்னத்திலும், பிறகு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வந்து வந்து போவதற்கு ஒவ்வாமை மட்டுமே காரணம் இல்லை. அலர்ஜி என்றதும் ஒவ்வொரு உணவாக நிறுத்திப் பிள்ளையை இளைக்க வைப்பதுதான் மிச்சம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சொறி' வெறும் அரிப்பைத்தான் காட்டும், விட்டுவிடலாம். 'சிரங்கு' என்றதும் பலருக்கு ஸ்கேபீஸ் நினைவுக்கு வரும். அது சிற்றுண்ணி தோலுக்குள் துளைத்துப் போவதால் வருவது. விரலிடுக்கில் தொடங்கும், ராத்திரியில் அரிப்பு கூடும், வீட்டில் மற்றவர்களும் சொறிவார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும்.

'படை'தான் சிக்கல். பேச்சில் இது பெரும்பாலும் படர்தாமரையைக் குறிக்கிறது, அதாவது பூஞ்சைத் தொற்று. ஓரம் வளையமாகத் தடித்து, நடுப்பகுதி தெளிந்து, வெளிப்பக்கமாகப் பரவும். எக்ஸிமாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை 'இதுவும் படைதானே' என்று படர்தாமரையில் தடவினால் முதல் சில நாள் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளே நிம்மதியாகப் பரவும், வளைய வடிவமும் கலைந்துவிடும். பிறகு பார்க்கிற மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டி வரும். எக்ஸிமாவில் பூஞ்சை மருந்தைத் தடவினால் அந்த அளவு கேடில்லை, ஆனால் பயனும் இல்லை. ஆகவே எக்ஸிமாவுக்குப் 'படை' வேண்டாம்.

மிஞ்சுவது 'கரப்பான்'. குழந்தைகளுக்கு வரும் தோல் தடிப்புகளுக்குப் பழைய அகராதிகளிலேயே இருக்கிற சொல், சித்த மருத்துவத்திலும் புழங்குவது. அடோபிக் வகைக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. பூச்சி நினைவுக்கு வருகிறதே என்று தயங்குபவர்கள் உண்டு. 'கரப்பான் நோய்' என்றால் தீர்ந்தது. பொதுப்பெயராகத் தோலழற்சி, அதனுள் ஒரு வகையாகக் கரப்பான், பொருள் பட்டு வருவதற்குத் தொடுதோலழற்சி. எக்ஸிமா என்றே சொன்னாலும் தவறில்லை, எல்லோருக்கும் புரிகிறது.

பெயர் சரியானால் சிகிச்சையும் தெளிவாகும். முதல் மருந்து ஈரப்பசைக் களிம்புதான். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துவட்டிய சில நிமிடங்களுக்குள் தாராளமாகப் பூச வேண்டும். தோல் நன்றாக இருக்கும் நாளிலும் நிறுத்தக் கூடாது. கிளம்பும்போது ஸ்டீராய்டு களிம்பு. இதற்கு எளிய அளவு உண்டு: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன்போல் மென்மையானது. தடித்த உள்ளங்கைக்கு வலுவானது வேண்டியிருக்கும். உள்ளங்கைக்குத் தந்த குளோபெட்டசால் என்ற மிக வலுவான ஸ்டீராய்டைக் கண்ணிமையில் தடவுவது பெரிய தப்பு. ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டே பயந்து, பட்டும் படாமல் தடவி, அழற்சியை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் தப்புதான். முகம், கழுத்து மடிப்புகளுக்கு டாக்ரோலிமஸ் என்ற, ஸ்டீராய்டு அல்லாத மாற்றுக் களிம்பு இருக்கிறது. களிம்புக்கு அடங்காத கடுமையான நிலைக்கு, 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டூபிலுமாப் ஊசி போன்றவை வந்திருக்கின்றன.

சோரியாசிஸும் அழற்சிதான். கிரேக்கத்தில் 'சோரா' என்றால் அரிப்பு, ஆனால் அதில் முதலில் கண்ணில் படுவது செதில். முழங்கையின் வெளிப்பக்கம், முழங்கால், தலை ஆகிய இடங்களில் விளிம்பு தெளிவான திட்டும், அதன்மேல் வெள்ளிபோல் செதிலும் இருக்கும். சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்கிறது. இங்கே முழுப்பெயரையும் சொல்ல வேண்டும். 'படை' என்று சுருக்கினால் மறுபடி பூஞ்சைக் களிம்புக்குப் போய்விடுவோம்.

கரப்பான் உள்ள இடத்தில் மஞ்சள் பொருக்கும் சீழும் வந்தால் பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று பொருள், மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று அவசரமானது: எக்ஸிமா ஹெர்பெட்டிகம். உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் அதே ஹெர்ப்பீஸ் கிருமி, அரிப்பால் புண்ணான தோலில் புகுந்து பரவுவது. இதைத் தமிழாக்க மெனக்கெட வேண்டாம். 'கரப்பான் இருந்த இடத்தில் திடீரென்று வலி, ஒரே அளவில் குழிக்குழியாகப் புண், கூடவே காய்ச்சல்' என்று அன்றைக்கே மருத்துவமனையில் சொன்னால் போதும்.