பனி எரித்த கொழுந்தும் அடுப்பில் எரியும் மிலாறும்

ஜனவரி மாதத்து விடியலில் இலங்கையின் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளில் நடந்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். முதல் நாள் இரவு வானம் மேகமின்றித் தெளிந்து, காற்றும் அசையாமல் இருந்திருந்தால், பள்ளத்துச் செடிகளின் மேல் உப்பைத் தூவியதுபோலத் துகள் உறைபனி படிந்திருக்கும். வெயில் ஏறியதும் பனி உருகி மறைந்துவிடும். பிறகுதான் சேதம் தெரியத் தொடங்கும். பச்சையாய் நின்ற கொழுந்து தொய்ந்து, செம்பழுப்பாகிக் கருத்து, சில நாட்களில் விரலால் கசக்கினாலே நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். "பனியில கொழுந்தெல்லாம் எரிஞ்சு போச்சு" என்பார்கள் தோட்டத்து மக்கள். குளிரால் செத்த இலையை எரிந்தது என்று சொல்வது பொருந்துமா என்ற கேள்விக்கு விடை தேட, முதலில் அடுப்படிக்குப் போக வேண்டும்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அடுப்பில் மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி, எரிவதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், சுடர் குச்சியை ஒட்டாமல் அதற்குக் கொஞ்சம் மேலே நிற்பது தெரியும். சூடேறிய குச்சியிலிருந்து வெளிவரும் வாயுக்களே அங்கே சுடராக எரிகின்றன. அந்த வாயுக்கள் பிறப்பதற்கு முன் குச்சியின் ஈரம் ஆவியாகிப் போக வேண்டும். பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பத்தைப்போல ஆறு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம், கொதித்த அந்தத் தண்ணீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. மழைக்காலத்து மிலாறு எவ்வளவு ஊதினாலும் பற்றாமல் வதைப்பது இதனால்தான். ஈரம் போனபின், ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் அளவில், மரத்தின் நார்ப்பொருள் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடுகிறது. அவை காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேரும்போது உண்டாகும் வெப்பம் பக்கத்திலுள்ள மரத்தையும் சிதைக்க, அதிலிருந்து மேலும் வாயு கிளம்ப, நெருப்பு தனக்கு வேண்டிய தீனியைத் தானே உண்டாக்கிக்கொண்டு தொடர்கிறது. வாயு தீர்ந்தபின் மிஞ்சுவது கரி. ஒட்சிசன் கரியின் மேற்பரப்பை வந்து தொட்டால்தான் அது எரியும் என்பதால், சுடரில்லாமல் தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். ஊதுகுழலை வைத்து ஊதியதும் தணல் பளிச்சென்று சிவப்பது, ஒட்சிசன் கூடுதலாகப் போய்ச் சேர்வதால்.

புகை என்பது பெரும்பாலும் எரியாமல் தப்பிப்போகும் எரிபொருள்தான். அப்போதே அணைத்த மெழுகுதிரியிலிருந்து எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், சுடர் புகை வழியே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்வதை யாரும் செய்து பார்க்கலாம். விறகுப் புகையிலுள்ள அக்ரோலின் முதலிய பொருட்கள் கண்ணின் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் கண் எரிகிறது. சன்னல் சிறுத்த காம்பராக்களில் காலையும் மாலையும் சமைக்கும் பெண்களின் கண்ணெரிவையும் இருமலையும் என்னால் சிறிய விஷயமாக எண்ண முடியவில்லை. அடுப்பில் எரியாமல் போனதன் செலவை அவர்களுடைய உடம்பு சுமக்கிறது.

இனிப் பனிக்கு வருவோம். தெளிந்த இரவில் நிலமும் இலைகளும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிட்டுக் குளிர்கின்றன. அவற்றைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் வந்து தேங்குகிறது. மேட்டுச் செடி தப்பிக்கப் பள்ளத்துச் செடி பலியாவதன் காரணம் அதுவே. இலையினுள் உயிர்க்கலங்களுக்கு இடையிலுள்ள நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி கலங்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. நீரிழந்து சுருங்கிய கலத்தின் மென்சவ்வு சிதைகிறது. வெயிலில் பனி உருகும்போது, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்தவை ஒன்றாகக் கலக்கின்றன. தேயிலைக் கலத்தில் பொலிபீனோல்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் ஓரிடத்திலும், அவற்றை ஒட்சிசனுடன் சேர்த்துவைக்கும் நொதியம் வேறோரிடத்திலும் இருப்பது வழக்கம். இடைச்சுவர் போனதும் இரண்டும் சந்திக்கின்றன. காற்றின் ஒட்சிசனும் வந்து சேர, இலை பழுப்பாகிறது.

இதே வேலையைத்தான் தேயிலைத் தொழிற்சாலையில், நம்மவர்கள் ஸ்டோர் என்று சொல்லும் இடத்தில், வேண்டுமென்றே செய்கிறார்கள். வாட்டிய கொழுந்தை உருளை இயந்திரத்தில் இட்டுக் கசக்கிக் கலங்களை உடைத்து, பரப்பி வைத்து, செம்பு நிறம் வரும்வரை காத்திருக்கிறார்கள். இதை நொதித்தல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நுண்ணுயிர்களுக்கு இதில் முக்கியப் பங்கில்லை, நடப்பது ஒட்சியேற்றம். உரிய தருணத்தில் ஏறத்தாழ நூறு பாகைச் சூடான காற்றைச் செலுத்தி நொதியத்தைச் செயலிழக்கச் செய்து, தூளை உலர்த்திவிடுகிறார்கள். ஆக, மலையில் கருகிய கொழுந்தும் கோப்பையில் சிவக்கும் சாயமும் ஒரே வேதியியலின் இரண்டு முகங்கள். அடுப்பிலும் ஒட்சிசன் சேர்கிறது, இலையிலும் சேர்கிறது. இலையில் அது மெதுவாக, சுடரும் சூடும் தெரியாமல் நடக்கிறது. பனியில் எரிந்தது என்ற சொல்லை நான் குறைசொல்ல மாட்டேன். உரம் கூடிப்போய் லீக்ஸ் பாத்தியின் இலை நுனி எரிந்தது என்று சொல்லும்போது கதை வேறு: மண்ணில் கூடிய உப்பு வேரிலிருந்து நீரை இழுத்துவிட, பயிர் தாகத்தால் காய்கிறது.

மின்குமிழின் உறவு இன்னும் தூரமானது. "லைட் எரியுது" என்றால் அது வேலை செய்கிறது. "பல்ப் எரிஞ்சு போச்சு" என்றால் அது செத்துவிட்டது. பழைய குமிழில் தங்குதன் இழை ஏறத்தாழ 2500 பாகைச் சூட்டில் ஒளிர்ந்தபோதும் எரியவில்லை, ஏனென்றால் உள்ளே ஒட்சிசன் இல்லாதபடி ஆகன் வாயு நிரப்பப்பட்டிருந்தது. கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்றுப் புகுந்தால் இழை உண்மையிலேயே எரிந்துவிடும்.

கொச்சிக்காய் (மிளகாய்) கடித்த வாய் எரிவதற்கு வேறு வழி இருக்கிறது. நாக்கின் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் ஒரு கதவுபோல இருக்கிறது. ஏறத்தாழ 43 பாகைக்கு மேல் சூடானால் அது திறந்து, சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கொச்சிக்காயிலுள்ள கப்சைசின் அதே கதவைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு இப்புரதத்தை அடையாளம் கண்டது. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். உறைத்த வாயில் சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றினால் வேதனை கூடுவது, இரண்டும் ஒரே கதவைத் தள்ளுவதால். கப்சைசின் நீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே தண்ணீரைக் காட்டிலும் தயிர் நல்லது.

மலைநாட்டு வெயில் குளிரின் மறைவில் எரிக்கும். சுமார் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், காற்று இதமாக இருக்கும்போதே புறஊதாக் கதிர்கள் கீழ்நாட்டைவிட வலுவாக விழுகின்றன. அவை தோல் கலங்களின் மரபணுப் பொருளைச் சிதைக்கின்றன. சிவப்பும் எரிவும் சில மணி நேரம் கழித்தே வெளிப்படுவதால், மலையில் நிற்கும்போது எதுவும் தெரிவதில்லை.

பசியில் வயிறு எரிகிறது என்கிறோமே, அதில் நாம் நினைப்பதைவிட அதிக உண்மை இருக்கிறது. 1782–83 குளிர்காலத்தில் பாரிஸில் லவோசியரும் லப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்று அளந்தார்கள். கரியை எரித்து அளந்தபோது கிடைத்த கணக்கும் இதற்கு நெருங்கியே வந்தது. மூச்சுவிடுதல் ஒருவகை எரிதலே என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அடுப்பில் நூற்றுக்கணக்கான பாகையில் நடப்பதை, உடற்கலங்கள் நொதியங்களின் துணையோடு 37 பாகையில், சிறுசிறு படிகளாக நடத்துகின்றன. காலையில் சாப்பிட்ட ரொட்டியின் மாச்சத்து முடிவில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுகிறது. அப்படி உணவிலிருந்தே உண்டாகும் நீர், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் லீற்றர்.

பனிக்காலத்தில், தோட்டத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கு ஏறும் பாதையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நின்று வாயைத் திறந்து ஊதி, "புகை வருது பார்" என்று ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். குளிர்ந்த காற்றில் துளிகளாகித் தெரியும் அந்த நீராவியில் ஒரு பங்கு, அவர்கள் காலையில் தின்ற ரொட்டி எரிந்து உண்டானது.