இருக்கை மெத்தைகளும் எட்டு நொடி முழக்கமும்

வீடு கட்டித் தந்தவர் அடுத்து மருத்துவமனை, அதற்கடுத்து இசை அரங்கம் என்று போகிறாரே, ஒரு கட்டடக் கலைஞருக்கு இத்தனையும் எப்படித் தெரியும் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முன்கூட்டியே தெரிந்திருக்காது. ஒவ்வொரு கட்டடமும் இயற்பியலின் வேறொரு பாடத்தைப் படிக்க வைக்கிறது.

வீட்டில் வெயில், காற்று. மருத்துவமனையில் காற்றழுத்தம்: அறுவை அரங்கில் வெளியைவிடச் சற்று அதிகம், கிருமி உள்ளே வராதிருக்க, காற்றில் பரவும் தொற்று உள்ளவரின் அறையில் குறைவு, கிருமி வெளியே போகாதிருக்க. என்னை மயக்குவது இசை அரங்கம்தான்.

20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத்தில் ஒரு வெற்றுக் கூடம். ஒருமுறை கை தட்டுங்கள். ஒலி சராசரியாக 6 மீட்டருக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு சுவரிலோ கூரையிலோ தரையிலோ மோதும். நொடிக்கு ஏறத்தாழ 57 மோதல்கள். பூசிய சுவர் ஒவ்வொரு மோதலிலும் நூற்றில் மூன்று பங்கைத்தான் விழுங்குகிறது என்று கொள்வோம். ஒலியாற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய்ந்து அடங்க ஏறத்தாழ 450 மோதல்கள் வேண்டும். அதாவது எட்டு நொடி! முதல் சொல்லின் எதிர்முழக்கம் அடங்குமுன் இருபதாவது சொல் வந்து மேலே விழும். பிறகு என்ன புரியும்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் நடந்தது இதுதான். 1895இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. அவரிடம் இருந்தவை ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்று, ஒரு நிறுத்துக் கடிகாரம், வேறொரு அரங்கிலிருந்து இரவல் வாங்கிய இருக்கை மெத்தைகள். ஊர் அடங்கிய பின் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்துவார். ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் குறிப்பார். சில மெத்தைகளைச் சேர்த்து மறுபடியும் அளப்பார். இன்று ‘மெத்தை ஆராய்ச்சி’ என்று நிதி கேட்டால் எந்தக் குழுவும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டாது என்பது என் சந்தேகம்.

உறிஞ்சலை அளக்க அவர் பிடித்துக்கொண்ட அலகு அழகானது: திறந்த சன்னல். அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை அல்லவா? மெத்தை, திரை, மனிதர் என எதையும் இத்தனை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் என்று சொல்லிவிடலாம். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அந்தச் சன்னல் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்கம் எத்தனை நொடி என்று கிடைத்துவிடும். நம் கூடத்தின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 800 சதுர மீட்டர்; நூற்றில் மூன்று பங்கு என்றால் 24 சதுர மீட்டர் சன்னலுக்குத்தான் சமம். ஆளுக்கு அரை சதுர மீட்டர் வீதம் 200 பேர் வந்து அமர்ந்தால் 124. எட்டு நொடி ஒன்றரை நொடியாகிவிடும்!

இந்தக் கணக்கை முன்வைத்துத் திட்டமிட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900இல் திறக்கப்பட்டது. இசைக்கு இரண்டு நொடி முழக்கம் இனிமை. பேச்சுக்கு ஒரு நொடிக்கும் குறைவாக வேண்டும். எனவே இரண்டுக்கும் ஒரே அரங்கம் கேட்பவரிடம் கட்டடக் கலைஞர் சுருட்டி விரிக்கும் திரைகளைப் பற்றிப் பேசத் தொடங்குவார். இருக்கை மெத்தையையும் அவர் கணக்குப் போட்டே தேர்ந்தெடுக்கிறார்: காலி இருக்கையும் ஆள் அமர்ந்த இருக்கையும் ஏறக்குறைய ஒரே அளவு ஒலியை உறிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் ஒத்திகையில் கேட்ட இசை ஒன்றாகவும், அரங்கு நிறைந்தபின் கேட்பது வேறொன்றாகவும் இருக்கும்.